அப்ப அந்தக் கடுதாசி?

கஜா புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் 23 நாள் கரண்டு இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய காற்று, மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரைக் கடந்தபோது, கொல்லையில் நின்ற பதினோரு தென்னையில் ஒன்பதைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. அக்கா வீட்டு ஓடு பாதிக்கு மேல் பறந்துவிட்டது. அக்கா, அத்தான், அவர்கள் மகள், ஒரு கன்றுக்குட்டி என்று எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விழுந்த மரத்துக் காய் வீணாகக் கூடாதென்று அம்மா மூன்று வேளையும் தேங்காயாகவே போட்டாள். தேங்காய்த் துவையல், தேங்காய்ச் சோறு, தேங்காய்ப்பால் கஞ்சி. பத்தாவது நாளெல்லாம் அத்தான் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வயல் பக்கம் போய்விடுவார்.

போனுக்கு சார்ஜ் போட சவுண்டு சர்வீஸ்காரர் வீட்டுக்கு நடக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைத் தெருவில் இறக்கி, பலகை பலகையாக பிளக் பாயிண்ட் இழுத்து, போனுக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது ரூபாய் சார்ஜை எதற்குச் செலவழிப்பது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. அத்தானுக்கு நிவாரணக் கணக்கெடுப்பு எப்போது வரும் என்று பேச வேண்டும். அக்காவுக்குத் திருப்பூரில் இருக்கும் நாத்தனாரிடம் பேச வேண்டும். அக்கா மகள் பாப்பாவுக்கு அப்போது பதினாறு வயசு, பள்ளிக்கூடம் கிடையாது, புத்தகமெல்லாம் நனைந்து திண்ணையில் காய்கிறது. அவளுக்கு ஒரு படம் பார்க்க வேண்டும்.

படம் என் போனில் இருந்தது. 'டு ஆல் தி பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்'. அந்த ஆகஸ்டில்தான் நெட்ஃபிளிக்ஸில் வந்திருந்தது. எங்கள் கைக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்காதீர்கள், பின்னால் சொல்கிறேன். கதை ரொம்ப லேசானது. ஒரு பெண், தனக்குப் பிடித்த ஐந்து பையன்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள். தங்கைக்காரி ஐந்தையும் தபாலில் போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான்.

அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பாப்பா பார்க்க ஆரம்பித்தாள். நான் பின்னால். அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இங்கிலீஷ் படம், அவளுக்கு என்ன. ஆனால் "இதுங்களுக்கு அம்மா செத்துப் போச்சு அம்மாயி" என்று பாப்பா சொன்னாள் பாருங்கள், அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தாயில்லாப் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அவளால் தூங்க முடியாது. அதற்கப்புறம் பாப்பா வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூட நடையில் அந்த ஐந்து பையன்களில் ஒருத்தன், லூகாஸ் என்று பெயர், தனக்கு வந்த கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுப்பான். கொடுக்கும்போதே, தான் கே என்பதையும் சொல்லிவிடுவான். சத்தம் போடாமல், ஆனால் அழாமல், பின்னணியில் வயலின் இல்லாமல். அவளும் சரி என்று வாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரக் காட்சி.

"என்னா சொல்றான் அந்தப் பய?" என்றாள் அம்மா.

பாப்பா நிறுத்தினாள். படத்தையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு விஷயம் புரிந்திருந்தது, தமிழில் அதற்கு வார்த்தைதான் கிடைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விளக்குத் திரியைப் பார்த்தேன்.

"அவனுக்குப் பொண்ணுங்களப் பிடிக்காதாம் அம்மாயி."

"ஏன், பொண்ணுங்க என்னா பண்ணுச்சுங்க அவன?"

"அய்ய, அப்படி இல்ல. கட்டிக்கிற மாதிரி பிடிக்காது. பசங்களத்தான் அப்படிப் பிடிக்குமாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே கன்றுக்குட்டி ஒரு தரம் கத்தியது. போனில் 31 சதவீதம் இருந்தது, அது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்தக் கடுதாசி?" என்றாள் அம்மா.

"திருப்பிக் குடுத்துட்டான்ல."

"அதான. வேற எவன் கையிலயும் சிக்காம அவ கையிலயே குடுத்தான் பாரு. நல்ல புள்ள. சரி, மிச்சம் நாலு?"

பாப்பா படத்தைப் போட்டாள். மிச்சம் நாலு பேர் கதை ஓடியது.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயசு. லூகாஸ் சொன்ன அந்த ஒரு வரியை நான் எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எங்கள் தாலுகாவில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அறை, அழுகை, கிணறு, பூசாரி, மாமாக்கள் கூட்டம். "அப்ப அந்தக் கடுதாசி?" என்பது அந்த ஆயிரத்தில் இல்லை.

இனி அந்தப் படம் கைக்கு வந்த வழி. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் 2009-லிருந்து நான் ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், டிஸ்ப்ளே மாற்றுவது. ஆனால் ஆரம்ப வருஷங்களில் வருமானம் அதிலெல்லாம் இல்லை, பாட்டு ஏற்றுவதில் இருந்தது. மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், 2 ஜிபி நிறைய ஏற்றிக் கொடுத்தால் நாற்பது ரூபாய். இளையராஜா தனி ஃபோல்டர், கும்மி, கரகாட்டம் தனி, சாமி பாட்டு தனி, படம் தனி. தப்புதான், திருட்டுதான். அன்றைக்கு டெல்டாவில் எந்த ஊர் மொபைல் கடைக்குப் போனாலும் இதே கதைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, ஆறே மாதத்தில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அதற்காக நான் அழவில்லை. ஆனால் அந்த ஏழு வருஷத்தில் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, தரவிறங்கும் படங்களைப் பாதி பாதியாகப் பார்த்ததுதான் என் படிப்பு.

பள்ளிக்கூடக் காதல் படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வெட்கமில்லாமல் சொல்கிறேன். லாக்கர், நடனம், கேன்டீன் மேஜையில் யார் பக்கத்தில் யார் என்கிற சண்டை. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் லாக்கரும் இல்லை, நடனமும் இல்லை, பெண்களும் இல்லை. இருந்தாலும் அந்தப் படங்களில் யாராவது ஒருத்தன் மூலையில் என்னை மாதிரி நிற்கிறானா என்று தேடுவேன். பெரிய, கனமான, விருது வாங்கிய படங்களும் கிடைத்தன. அவற்றில் நம் ஆட்கள் இருந்தார்கள்தான். ஆனால் கடைசி ரீலில் சாவார்கள், அல்லது பிரிவார்கள், அல்லது மழையில் நிற்பார்கள். ஒருமுறை ஒரு பையன், காலேஜ் முதல் வருஷம் இருக்கும், கடையில் கூட்டம் குறையும் வரை நின்று, கார்டை நீட்டி, "அண்ணே, அந்த மாதிரி படம் இருந்தா... யாரும் சாவாததா" என்றான். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஏற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவன் அப்புறம் வரவே இல்லை. காசு வாங்காததுதான் அவனைப் பயமுறுத்தியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்கு முதலில் ஏற்றியது 1995-இல் வந்த 'க்ளூலெஸ்'. ஏமி ஹெக்கர்லிங் எழுதி இயக்கியது. ஜேன் ஆஸ்டின் 1815-இல் எழுதிய 'எம்மா' நாவலைத் தூக்கிக் கலிபோர்னியாப் பணக்காரப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். நாவலில் ஃபிராங்க் சர்ச்சில் என்று ஒருத்தன் வருவான், எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவான், உள்ளுக்குள் வேறொருத்தியோடு ரகசியமாக நிச்சயம் ஆகியிருக்கும். படத்தில் அவன் கிறிஸ்டியன் ஆகிறான். ரகசிய நிச்சயத்துக்குப் பதில், அவனுக்குப் பெண்கள் மேல் நாட்டமே இல்லை. நாயகி ஷெர் அவனை மயக்கப் படாத பாடு படுவாள், அவன் நல்ல பிள்ளையாகப் படம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுவான்.

அவளுக்கு விஷயம் தெரிய வருகிற இடம்தான் நான் இருபது தடவை பார்த்தது. காரில் மூன்று பேர். தோழி டியோன் ஓட்டப் பழகுகிறாள். அவள் ஆள் மர்ரே பேச்சுவாக்கில் கிறிஸ்டியனைப் பற்றிப் போட்டு உடைத்துவிடுகிறான். ஷெருக்கு ஒவ்வொன்றாக உறைக்கிறது. முழுசாக உறைப்பதற்குள் டியோன் திருப்பத்தில் தவறி, வண்டியை நேரே ஃப்ரீவேயில் ஏற்றிவிடுகிறாள். லாரி ஹாரன் அடிக்கிறது, மூன்று பேரும் அலறுகிறார்கள். நம் பக்கம் சொன்னால், எல் போர்டு மாட்டிய காரை கும்பகோணம் தஞ்சாவூர் ரோட்டில், எதிரே தனியார் பஸ் வரும்போது ஏற்றிய மாதிரி. அந்த அலறலில் ரகசியம் காணாமல் போய்விடுகிறது. உயிர் பிழைத்து இறங்கியதும் ஷெருக்கு வருகிற ஏக்கம், தனக்கும் ஒரு ஆள் வேண்டுமே என்பது. கிறிஸ்டியன் மேல் கோபமில்லை. அப்புறம் இரண்டு பேரும் துணி எடுக்கச் சேர்ந்து போகிறார்கள். கடைத்தொகுதியில் போக்கிரிப் பையன்கள் இன்னொரு தோழியைக் கைப்பிடிக்கு வெளியே தொங்கவிடும்போது ஓடிவந்து தூக்குவது யார் என்று பார்த்தால், கிறிஸ்டியன். 1995-இல்! நம் ஊரில் அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

2004-இல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' எனக்குக் கொஞ்சம் கசப்பு. டேமியன் என்கிற அந்தப் பருத்த பையனைப் பற்றி அவன் தோழி ஜானிஸ் ஒரு கிண்டல் வைத்திருப்பாள், இவன் வேலைக்காகாத அளவுக்கு கே என்கிற மாதிரி. அதே கிண்டலை வேறு பெண்கள் தங்கள் நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும், அதை நான் சொன்னால்தான் சரி என்று ஜானிஸ் துள்ளுவாள். இது சிநேகிதம் தெரிந்தவர்கள் எழுதியது. எங்கள் ஊரிலும் கூட்டாளி சொன்னால் கிண்டல், எதிர்த்தெருக்காரன் சொன்னால் வெட்டு. இருந்தாலும் டேமியனுக்குப் படம் முழுக்க வேலை என்ன? அடுத்தவர்கள் விவகாரத்தில் திட்டம் போடுவது, பாடுவது, சிரிக்கவைப்பது. அவனைப் பார்க்க யாரும் கேன்டீனுக்குள் வருவதில்லை. அதில் நடித்த டேனியல் ஃபிரான்சீஸ் தானும் கே என்று வெளிப்படையாகச் சொன்னது 2014-இல், படம் வந்து பத்து வருஷம் கழித்து. படத்தில் சகஜமாக இருந்தவனுக்கு வெளியே பத்து வருஷம் பிடித்தது.

லூகாஸ் மேலும் இதே புகார் சொல்லலாம். பாப்பாவே சொன்னாள். "அவனுக்கு யாருமே இல்ல மாமா, சும்மா வந்து அட்வைஸ் பண்ணிட்டுப் போறான்." ஆனால் இந்த இடத்தில் நான் ஒரு தமிழனாக வாதாடினேன். நம் படங்களில் நாயகனின் நண்பனுக்கு எப்போது காதல் இருந்தது? கடிதம் கொண்டுபோவான், அடி வாங்குவான், ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போடுவான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய அகப்பாட்டில் தோழிக்கென்று ஒரு தலைவன் உண்டா? ஊர்க் காதலையெல்லாம் தோளில் சுமக்கிறவர்களுக்கு இங்கே இரண்டாயிரம் வருஷமாகவே சொந்தக் கதை கிடையாது. எனக்கு முதலில் அந்த நண்பன் வேடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. டீக்கடை பெஞ்சில் நாலு பேரில் ஒருத்தனாக உட்கார்ந்து, "மச்சான், அவ உன்னப் பாக்கலடா, உனக்குப் பின்னாடி நிக்கிற பஸ்ஸப் பாக்குறா" என்று சொல்கிறவன். அவனுக்குப் பையன்களைப் பிடிக்கும் என்பது இடைவேளைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, பேச்சோடு பேச்சாக வந்து போனால் போதும். இதை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் படங்களில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் வில்லனை இன்னும் கேவலமாக்க வேண்டுமானால் அவன் மேல் இந்தச் சந்தேகத்தை ஒரு வசனத்தில் தூவுவார்கள், தியேட்டரே கைதட்டும். நானும் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். 2010-இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக வந்தார்கள். தியேட்டரில் விசில், சிரிப்பு. ஆனால் அது முழுக்கக் கெட்ட சிரிப்பு இல்லை. ஒருத்தர் கோபித்துக்கொண்டு போக மற்றவர் சமாதானம் செய்ய, பின் வரிசையில் யாரோ "எங்க வூட்லயும் இதே கதிதான்" என்றார். அந்தக் குரலை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். 2022-இல் பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' வந்தது. நாடகக் குழுவில் பல ஜோடிகள், அதில் ஒரே பாலின ஜோடிகளும் இருந்தார்கள், மற்றவர்களைப் போலவே சண்டை போட்டார்கள், வாதம் செய்தார்கள். நல்ல படம். ஆனால் அதில் எல்லாரும் ரொம்பப் படித்தவர்கள். எனக்கு வேண்டியது பிளஸ் டூவில் கணக்கில் தேறாத ஒருத்தன்.

'லவ், சைமன்' அதே 2018-இல் வந்தது. பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்று ஒரு கே பையனின் பள்ளிக்காதலை நடுவில் வைத்து எடுத்த முதல் படம் என்று கொண்டாடினார்கள். இயக்குநர் கிரெக் பெர்லாண்டியும் கே. படம் பிடித்தது, ஆனால் சொல்லலாமா வேண்டாமா என்கிற பாரம் முக்கால்வாசிப் படத்தைத் தின்றுவிடுகிறது. நான் அதில் சிரித்தது ஒரு கற்பனைக் காட்சிக்கு. சைமனின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அப்பா அம்மா முன்னால் நின்று, தாங்கள் ஆண் பெண் ஈர்ப்பு உள்ளவர்கள் என்று ஒப்புக்கொள்வார்கள், வீட்டில் இடி விழும். இதை எங்கள் தெருவில் வைத்துப் பார்த்தேன். எங்கள் அக்கா அப்பா காலில் விழுந்து, "அப்பா, எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்குது, மன்னிச்சிருங்க" என்று அழ, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் இப்படி ஒரு..." என்று ஆரம்பிக்க. தனியாகக் கடையில் உட்கார்ந்து சிரித்தேன்.

2022-இல் வந்த 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் வராது, ஏனென்றால் அதைப் பார்க்கும்போது நான் பத்திரமாக இல்லை. அலிஸ் ஓஸ்மன் முதலில் இணையத்தில் வரைந்த சித்திரக்கதை. முதல் சீசன் எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சார்லி, நிக் என்று இரண்டு பையன்கள். சோபாவில் ஒருத்தன் தூங்குகிறான், மற்றவன் தன் கையை அவன் கைக்கு மேலே, தொடாமல், அரை அங்குலம் விட்டு வைத்திருக்கிறான். திரையில் கோட்டோவியமாக ஒரு மினுமினுப்பு ஓடுகிறது. அவ்வளவுதான் காட்சி. அந்த அரை அங்குலம் எனக்குத் தெரியும். மன்னை எக்ஸ்பிரஸில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில், மயிலாடுதுறை தாண்டும் வரை நான் ஒரு கைக்கு மேலே அப்படி வைத்திருந்திருக்கிறேன்.

சரி, வார்த்தைக்கு வருகிறேன். பாப்பா அன்றைக்குத் தடுமாறியது ஏன்? செய்தித்தாளில் அப்போது புழங்கிய சொல் 'ஓரினச்சேர்க்கை'. அதைக் கேட்டாலே படுக்கையறை ஞாபகம்தான் வரும். லூகாஸ் சேரவும் இல்லை, ஒன்றும் இல்லை, கடிதம் கொடுக்க வந்தான், பாவம். 'தன்பால் ஈர்ப்பு' என்பது கௌரவமான சொல். 2022-இல் உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் தமிழ்நாடு அரசு இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. பத்திரிகைக்கும் கோர்ட்டுக்கும் அது அவசியம். ஆனால் அரிக்கேன் வெளிச்சத்தில் அம்மாயியிடம் "அவன் தன்பாலீர்ப்பாளன்" என்றால், எந்த ஊர்ப் பால் என்று கேட்டிருப்பாள். 'கே' என்றால் இனிஷியல் என்று நினைத்திருப்பாள். தெருவில் புழங்கும் சொற்கள் எல்லாம் வசவு. கடைசியில் பாப்பா சொன்னதுதான் தமிழ். "பசங்களத்தான் அப்படிப் பிடிக்குமாம்." அந்த 'அப்படி'யில் எல்லாம் இருக்கிறது. வசனம் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பாப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் சகஜம் இல்லாமல் இல்லை, ஆனால் அது வேறு வகை. என் சின்ன வயசில் கடைத்தெருவில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. இரண்டு பேர் நடத்தினார்கள். ஒருவர் பஞ்சர் ஒட்டுவார், மற்றவர் கணக்கு எழுதுவார். மத்தியானம் கணக்கு எழுதுகிறவர் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார், பஞ்சர் ஒட்டுகிறவர் கை கழுவ இவர் செம்பில் தண்ணீர் ஊற்றுவார். முப்பது வருஷம் ஒரே வீடு. ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாகத்தான் வைப்பார்கள். இதைவிட இயல்பு என்ன வேண்டும் என்று தோன்றும். பஞ்சர் ஒட்டுகிறவர் முதலில் போனார். பங்காளிகள் வந்தார்கள், கொள்ளி வைத்தார்கள், கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். கருமாதியன்று பந்தலில் உறமுறைகள் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு எழுதுகிறவர் பந்தலுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன முறை என்று சொல்லி அவரை உள்ளே கூப்பிடுவது? யாருக்கும் தெரியவில்லை. சொல்லாமலே சகஜமாக இருந்ததற்கு அங்கே போனதும் பெயர் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் லூகாஸ் வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போனது எனக்குப் பெரிதாகப் பட்டது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், எங்களைக் குற்றவாளியாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவின் பல்லைப் பிடுங்கியது. டீக்கடை டிவியில் செய்தி ஓடியது. ஒருத்தர் ஒரு ஜோக் அடித்தார், அச்சில் வராது. கூட்டத்தில் முதலில் சிரித்தது நான். இது புயலுக்கு இரண்டு மாதம் முன்பு.

அம்மாவிடம் சொன்னது 2021 ஜூனில். ஊரடங்கு, கடை பூட்டிக் கிடந்தது. ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில் உத்தரவு போட்டிருந்தார். இவர்களை மாற்றுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது, போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது. அதற்கு முன்னால் அவரே ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, தனக்கு இதைப் பற்றித் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றும் வந்தது. ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி மேட்டூர் திறந்தார்கள். எங்கள் வீட்டில் பேச்செல்லாம் இரண்டாவது செய்தியைப் பற்றித்தான். குறுவைக்கு விதை எடுத்து வைக்க வேண்டும், தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று அம்மா திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பா ஒரு படம் காட்டுனாளேம்மா, புயலப்ப. கடுதாசிப் படம்."

"ஆமா."

"அதுல கடுதாசியத் திருப்பிக் குடுத்தானே ஒருத்தன்."

"ஆமா, நல்ல புள்ள."

"நானும் அந்த மாதிரிதாம்மா."

முறம் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.

"மோட்டார நிறுத்து. டேங்கு வழியுது."

நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது. போய் நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் உள்ளே போயிருந்தாள். உளுந்து முறத்திலேயே இருந்தது.

படமாக இருந்தால் இங்கே வெட்டிவிடுவார்கள். அடுத்த காட்சியில் எல்லாரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று நாள் ரசமும் அப்பளமும் மட்டும்தான். அம்மா தட்டை வைப்பாள், போவாள். ராத்திரி எழுந்து கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிற சத்தம் கேட்கும். காலையில் கண் வீங்கியிருக்கும், கேட்டால் வெங்காயம் என்பாள், ரசத்தில் ஏது வெங்காயம். நான் பாப்பாவுக்குப் போன் பண்ணிப் புலம்பினேன். அவள்தான், "மாமா, லூகாஸ் அவங்க அம்மாகிட்டச் சொன்னத அந்தப் படத்துல காட்டவே இல்ல, கவனிச்சியா?" என்றாள். கவனித்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலை காபியை நீட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"அதுக்குத்தான் பொண்ணே பாக்க வேணாம் வேணாம்னியா?"

"ஆமாம்மா."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா தரகருக்குக் குடுத்த ஆயிரத்தைந்நூறு மிச்சம்."

அதற்கப்புறம் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதெல்லாம் இல்லை. சில நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பெருமூச்சு விடுவாள். சில நாள் என்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவாள். கும்பகோணத்திலிருந்து எனக்கு வேண்டியவர் ஒருவர் வருவார், வரும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை. முதல் தடவை அதை அவள் தொடவில்லை, வாடிப் போனது. இரண்டாவது தடவை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை, "அந்தத் தம்பிகிட்டச் சொல்லு, போன தடவ வெத்தல காரம் பத்தல" என்றாள்.

போன பொங்கலுக்குப் பாப்பா வந்திருந்தாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அம்மா பார்க்கிற ஏதோ ஒரு தொடர். அதில் நாயகனுக்கு ஒரு நண்பன், எப்போதும் கூடவே நிற்கிறான், பைக்கை எடுக்கிறான், போனைப் பிடித்துக்கொள்கிறான், நாயகன் அழுதால் தோளைத் தட்டுகிறான். அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள்.

"ரெண்டு வருசமா இந்தப் பய அவன் பின்னாடியே சுத்துறான். இவனுக்குன்னு ஒருத்தி கிடையாதா?"

"கதையில இல்ல அம்மாயி" என்றாள் பாப்பா.

"ஒருத்தி இல்லாட்டி ஒருத்தனாச்சும் பாத்து வைக்கலாம்ல. பாவம்."

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது, அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.